காகிதத்துக்கு ஒரு வாய்தா: 43 உறைகளில் தேதிக் கோப்பு

வண்டி இன்சூரன்ஸ் முடிகிற தேதி பாலிசித் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. சொத்து வரி ரசீதில் அரையாண்டு போட்டிருக்கிறது. டாக்டர் சீட்டின் அடியில் “மூன்று வாரம் கழித்து வரவும்” என்று எழுதியிருக்கிறது. அப்படியும் தேதி தவறிப்போகிறது. காகிதம் எங்கும் தொலைந்துவிடவில்லை, பீரோவுக்குள் துணிக்கடைப் பையில் பத்திரமாகத்தான் இருக்கிறது. பார்க்க வேண்டிய நாளில் அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் காகிதம் வைக்கும் வழிகள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, பழைய கடைகளில் கல்லாப்பெட்டி பக்கத்தில் தொங்குமே, அந்தக் குத்தூசிக் கம்பி. வந்த வரிசையில் குத்திக்கொண்டே போகலாம், நேற்று வந்தது மேலே, போன மாதம் வந்தது அடியில். இன்னொன்று பொருள்வாரிக் கோப்பு: வங்கிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. இது நல்ல வழி, கட்டாயம் இருக்க வேண்டியது. ஆனால் தேடிப் போகிறவருக்குத்தான் இது உதவும். இன்று எதைத் தேட வேண்டும் என்பதை இந்தக் கோப்பு சொல்லாது.

அதைச் சொல்வதுதான் தேதிக் கோப்பு. வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கோர்ட்டில் வாய்தா போட்டதும் அடுத்த தேதியைக் கேஸ் கட்டின் மேலும் டைரியிலும் குறித்துக்கொள்வார். அந்தத் தேதிக்கு முந்தைய மாலை டைரியைப் புரட்டி, மறுநாளைக்கான கட்டுகளை உருவி மேசைமேல் அடுக்குவார். அலமாரியில் இருக்கும் மற்ற கட்டுகளைப் பற்றி அன்றைக்கு அவருக்குக் கவலையே கிடையாது. அவற்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது, அன்றைக்கு அவை தானாக மேசைக்கு வரும். வீட்டுக் காகிதங்களுக்கும் இதே மாதிரி ஆளுக்கொரு வாய்தா போட்டுவிடுவதுதான் இங்கே விஷயம். ஆங்கிலத்தில் இதற்கு ‘டிக்ளர் ஃபைல்’ என்று பெயர். நேரடியாகப் பார்த்தால் கிச்சுகிச்சு மூட்டும் கோப்பு. சரியான நாளில் நம்மைச் சீண்டி எழுப்புகிறது என்ற பொருளில் வைத்திருக்கிறார்கள்.

கணக்கு 43

ஒரு மாதத்துக்கு அதிகபட்சம் 31 நாள், ஒரு ஆண்டுக்கு 12 மாதம். நாளுக்கு ஓர் உறை, மாதத்துக்கு ஓர் உறை, ஆக 43. ஆண்டு முழுக்க நாளுக்கொன்றாக 365 உறை வேண்டியதில்லை. அருகில் இருக்கும் நாட்களுக்குத் தேதி துல்லியமாக வேண்டும். தூரத்தில் இருப்பதற்கு மாதம் தெரிந்தால் போதும், அந்த மாதம் நெருங்கும்போது நாள்வாரியாகப் பிரித்துக்கொள்ளலாம். முறை முழுவதும் இந்த ஒரு யோசனையில்தான் நிற்கிறது.

உறை எதுவாகவும் இருக்கலாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அட்டை ஃபைல் போதும். நீங்களே செய்வதானால் 22-க்கு 28 அங்குல அட்டை ஒன்றில் இரண்டு உறை வரும். 32 செ.மீ. அகலம், 48 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, 23 செ.மீ.யில் மடியுங்கள். முன்பக்கம் 23, பின்பக்கம் 25 என்று நிற்கும். பின்னால் உயர்ந்து நிற்கும் அந்த 2 செ.மீ. பட்டையில்தான் எண் எழுத வேண்டும். ஏ4 தாள் படுக்கைவசமாக இதில் அடங்கிவிடும். 43 உறைக்கு 22 அட்டை ஆகும். பள்ளிப் பிள்ளைகள் படம் ஒட்டும் மெல்லிய சார்ட் வேண்டாம், ஒரே மாதத்தில் வளைந்து தொங்கிவிடும். கொஞ்சம் கெட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

எண்களை ஒரே இடத்தில் எழுதினால் முன்னால் இருக்கும் உறை பின்னால் இருப்பதை மறைக்கும். இடமிருந்து வலமாக 1, 2, 3, 4, 5 என்று ஐந்து இடங்களில் தள்ளித் தள்ளி எழுதி, 6-ஐ மறுபடி இடது ஓரத்தில் தொடங்குங்கள். மாத உறைகள் வேறு நிறத்தில் இருந்தால் கண் உடனே பிடிக்கும். இவை நிற்பதற்கு உள் அகலம் 33 செ.மீ., நீளம் 20 செ.மீ.க்குக் குறையாத ஒரு பெட்டியோ கூடையோ போதும். விளிம்பு உறையைவிடத் தாழ்வாக இருக்கட்டும், எண்கள் வெளியே தெரிய வேண்டும். மூடி போட்ட பெட்டி வேண்டாம். தினமும் மூடியைத் திறப்பது சின்ன வேலைதான், ஆனால் பத்தாம் நாள் அதற்கே சோம்பல் வந்துவிடும்.

கூடவே பெட்டியின் ஓரத்தில் கையகல வெற்றுத் துண்டுச்சீட்டு ஒரு கட்டும் ஒரு பென்சிலும் இருக்கட்டும். பேனா வேண்டாம், தேதிகள் மாறும்.

அடுக்கும் வரிசை

புதிதாகத் தொடங்குபவர்கள் குழம்பும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இன்று ஜூன் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் முன்னால் 12, 13, 14 என்று தொடங்கி 31 வரை இருக்கும். அதன் பின்னால் ‘ஜூலை’ என்ற மாத உறை. அதற்கும் பின்னால் 1 முதல் 11 வரை. பிறகு ‘ஆகஸ்ட்’, ‘செப்டம்பர்’ என்று வரிசையாகப் போய் ‘மே’, கடைசியில் ‘ஜூன்’. அந்தக் கடைசி ஜூன் அடுத்த ஆண்டுக்கானது.

1 முதல் 11 வரை ஏன் ஜூலைக்குப் பின்னால் போனது? இந்த மாதத்தில் அந்தத் தேதிகள் முடிந்துவிட்டன. அதனால் இப்போது அவை ஜூலை 1 முதல் ஜூலை 11 வரையிலான நாட்களைக் குறிக்கின்றன. ஆகவே ஜூலை 5-ஆம் தேதி பார்க்க வேண்டிய சீட்டு வந்தால் நேராக 5-ஆம் உறையில் போடலாம். ஜூலை 20-இல் பார்க்க வேண்டியதை 20-ஆம் உறையில் போடக் கூடாது, அது இன்னும் ஜூன் 20 ஆகத்தான் நிற்கிறது. அதை ‘ஜூலை’ உறையில் போடுங்கள். செப்டம்பர் 9-க்கு என்றால் ‘செப்டம்பர்’ உறை, சீட்டின் மூலையில் ‘9’ என்று பென்சிலில் குறித்து.

காலையில் செய்ய வேண்டியது இரண்டே வேலை. 12-ஆம் உறையில் உள்ளதை எல்லாம் வெளியே எடுத்து மேசைமேல் வைப்பது. காலியான 12-ஆம் உறையை 11-க்குப் பின்னால், ஆகஸ்டுக்கு முன்னால் செருகுவது. அது இனி ஜூலை 12. இப்போது பெட்டியின் முகப்பில் 13 நிற்கிறது. சும்மா பார்த்தாலே நாளைக்கு என்ன இருக்கிறது என்று தெரியும்.

ஜூன் 30 அன்று 30-ஐக் காலிசெய்து பின்னால் தள்ளியதும் முன்னால் 31 வந்து நிற்கும். ஜூனுக்கு 31 கிடையாது. ஆனாலும் உள்ளே ஒரு முறை பாருங்கள், யாராவது அவசரத்தில் எதையாவது போட்டிருக்கலாம். பிறகு அதையும் தள்ளிவிடுங்கள். இப்போது ‘ஜூலை’ முகப்புக்கு வந்துவிட்டது. அதைத் திறந்து, மூலையில் பென்சிலில் குறித்திருக்கும் தேதிப்படி 1 முதல் 31 வரையிலான உறைகளில் பகிர்ந்து போடுங்கள். காலியான ஜூலை உறை வரிசையின் கடைக்கோடிக்கு, ஜூனுக்கும் பின்னால் போகும். மாதக் கடைசி மாலையில் காபி ஆறுவதற்குள் இந்த வேலை முடிந்துவிடும். பிப்ரவரியில் மட்டும் 28-க்குப் பிறகு 29, 30, 31 மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துத் தள்ள வேண்டும், லீப் ஆண்டில் கடைசி இரண்டையும்.

தினமும் திறக்கும் பழக்கத்துக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறோம்: தினசரிக் காலண்டர். தாள் கிழிக்கிறவரே உறையையும் திறக்கட்டும். பெட்டி காலண்டருக்குக் கீழேயோ, கைக்கு எட்டும் தூரத்திலோ இருக்கட்டும். தாளைக் கிழித்ததும் தெரியும் தேதியும், உறையைத் திறக்கும் முன் முகப்பில் இருக்கும் எண்ணும் பொருந்தவில்லை என்றால் ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

எந்தத் தேதியில் போடுவது

கடைசித் தேதியில் போடக் கூடாது. இந்த முறையில் தோற்றுப்போகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அக்டோபர் 18-இல் முடியும் வண்டி இன்சூரன்ஸுக்கான சீட்டை 18-ஆம் உறையில் போட்டால், அன்று காலை பாலிசியைக் கையில் பிடித்துக்கொண்டு சர்வர் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேலையைத் தொடங்க வேண்டிய நாள் எது என்று பின்னோக்கி எண்ணி, அதில் போடுங்கள். இரண்டு மூன்று கம்பெனிகளில் பிரீமியம் விசாரிக்க, பணம் ஒதுக்க, பதினைந்து நாள் வேண்டும். ஆகவே அக்டோபர் 3. சீட்டின் வலது மேல் மூலையில் இரண்டு தேதியும் எழுதுங்கள்: மேலே ‘3’, கீழே ‘கடைசி 18’. கையில் எடுக்கிறபோது எத்தனை நாள் கையிருப்பு என்று தெரிந்தால்தான் அன்றே செய்வதா, இரண்டு நாள் தள்ளுவதா என்று முடிவெடுக்க முடியும்.

கவனியுங்கள், தொடங்க வேண்டிய நாள் முந்தைய மாதத்தில் விழுந்தால் சீட்டும் முந்தைய மாத உறைக்குத்தான் போக வேண்டும். 5-ஆம் தேதி கடைசி என்றால் பெரும்பாலும் அது முன் மாதத்து வேலை.

பின்னோக்கி எத்தனை நாள் என்பது காரியத்தைப் பொறுத்தது. சில அளவுகள் தெரிந்திருந்தால் நல்லது.

தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். எனவே செப்டம்பர் 30 என்பது கணக்குக்குக் கடைசித் தேதி, நமக்குப் பயனுள்ள தேதி ஏப்ரல் 5 போல ஒன்று. ஆயுள் காப்பீட்டில் காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணைகளுக்கு 30 நாள் சலுகைக் காலம் கிடைக்கும், மாதத் தவணைக்கு 15 நாள்தான். சலுகைக் காலத்தை நம்பிச் சீட்டைத் தள்ளாதீர்கள், அது தவறினால் பிடித்துக்கொள்ளும் வலை. வண்டிக் காப்பீடு முடிந்து 90 நாள் தாண்டினால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) போய்விடும். முடிந்த மறுநாளே வண்டியை ரோட்டில் எடுப்பது குற்றம் என்பது தனி. ஓட்டுநர் உரிமத்தை முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட்டில் அச்சிட்ட முடிவுத் தேதியை அப்படியே நம்பக் கூடாது. பல நாடுகள் உள்ளே நுழையும்போது அதில் இன்னும் 6 மாதம் மீதி இருக்க வேண்டும் என்று கேட்கும். ஆகவே முடிவதற்கு 9 அல்லது 10 மாதம் முன்னால் சீட்டு வெளிவர வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர் ஆயுள் சான்று தருவது நவம்பரில். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம், கூட்டத்தில் நிற்க வேண்டாம். தாத்தாவுக்கான சீட்டு அக்டோபரில் இருக்கட்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட் இந்த முறைக்காகவே பிறந்த காரியம். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. ஜனவரி 13-இல் கிளம்புவதானால் பின்னோக்கி எண்ணினால் நவம்பர் 14, காலை 8 மணி. ‘பொங்கல் டிக்கெட்’ என்று எழுதிய சீட்டை நவம்பர் 13-இல் போடுங்கள், 14-இல் வேண்டாம். 14-ஆம் தேதி எட்டரைக்குக் காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு உறையைத் திறந்தால் காத்திருப்போர் பட்டியலில்தான் இடம் கிடைக்கும். யார் யார் போகிறார்கள், பெயர், வயது எல்லாம் அதே சீட்டில் எழுதி வைத்துவிட்டால் மறுநாள் காலை தட்டச்சு மட்டும்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரிக் காரியமும் இப்படித்தான். 21-ஆம் தேதி வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை என்றால் சீட்டு 20-ஆம் உறையில் இருக்க வேண்டும். 21 காலையில் அதைப் படிக்கும்போது காபி குடித்தாகியிருக்கும்.

உறை வார நாளை அறியாது. 14 என்பது ஞாயிறா, தீபாவளியா என்பது அதற்குத் தெரியாது. அலுவலகம் போக வேண்டிய காரியத்தைப் போடும்போது மட்டும் காலண்டரில் ஒரு பார்வை பாருங்கள். வங்கிக்கு ஞாயிறோடு மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமையும் விடுமுறை.

திரும்பத் திரும்ப வருபவை

இந்த அடுக்கில் ஒளிந்திருக்கும் அழகான வசதி ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் செய்ய வேண்டிய காரியத்துக்கு ஒரு கெட்டி அட்டையில் எழுதி அந்த உறையிலேயே விட்டுவிடலாம். வேலை முடிந்ததும் அட்டையை வெளியே வைக்காமல் உறைக்குள்ளேயே போட்டுப் பின்னால் தள்ளினால் அடுத்த மாதம் தானே வரும். சிறு கடை, பட்டறை நடத்துகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம்: டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் 7-இல் கட்ட வேண்டும், மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குக் கொடுப்பவருக்கு 11-உம் 20-உம், பிஎஃப், இஎஸ்ஐ 15-இல். ஒவ்வொரு அட்டையையும் அதற்கு மூன்று நாள் முன்னால் உள்ள உறையில் போடுங்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

மின் கட்டணம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அந்த அட்டை உறையில் தங்காது, ஜூனில் கட்டியதும் ‘ஆகஸ்ட்’ உறைக்குத் தாவும். அட்டையின் பின்பக்கம் ஒரு கட்டம் போட்டு, கட்டிய தேதி, யூனிட், தொகை மூன்றையும் எழுதிக்கொண்டே வாருங்கள். ஓராண்டு கழித்து அந்த ஆறு வரிகளைப் பார்த்தால் எந்தச் சுற்றில் மீட்டர் எகிறியது என்று தெரியும். முன்கூட்டிய வருமான வரி கட்டுகிறவருக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் நான்கிலும் 15-ஆம் தேதி. ஒரே அட்டை நான்கு மாத உறைகளில் சுற்றி வரட்டும்.

பதிலுக்காகக் காத்திருப்பவை

தேதி அச்சிடாத காகிதங்கள்தான் அதிகம் தொலைகின்றன. பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டு, ரிப்பேருக்குக் கொடுத்த மிக்சியின் டோக்கன், திரும்பி வர வேண்டிய அட்வான்ஸ், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த கைமாற்று. இவற்றுக்கு யாரும் தேதி தரமாட்டார்கள், நீங்களாகத்தான் வாய்தா போட வேண்டும். நியாயமாக எத்தனை நாளில் பதில் வரும் என்று தோன்றுகிறதோ, அதோடு இரண்டு நாள் சேர்த்து அந்த உறையில் போடுங்கள். வெளிவரும்போது விசாரித்து, யாரிடம் பேசினோம், என்ன சொன்னார்கள் என்று பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி அடுத்த தேதிக்குத் தள்ளுங்கள். நாலு வரி சேர்ந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டரில் பேசும்போது பேச்சுக்கே ஒரு எடை வந்துவிடும்.

காசோலை விஷயத்தில் இது பணத்தையே காப்பாற்றும். பின்தேதியிட்டு வாங்கிய காசோலையை அந்தத் தேதி உறையில் வையுங்கள், அது தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும். பணமில்லாமல் திரும்பினால் கணக்கு இப்படி ஓடும்: திரும்பியது என்ற வங்கித் தகவல் கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் தர 15 நாள். தராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் இந்த நாட்கள் தவறினால் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டிவரும். வங்கியிலிருந்து மெமோ வந்த அன்றே மூன்று சீட்டு எழுதி மூன்று உறைகளில் போட்டுவிட வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை இரண்டு முறை வெளிவர வேண்டும். ஒரு வாரம் முன்னதாக ஒருமுறை, மொய்க்கவர், பரிசு, பஸ் டிக்கெட் பார்க்க. முகூர்த்தத்தன்று ஒருமுறை, மண்டபம் எங்கே என்று பார்க்க. முதல் முறை பார்த்துவிட்டு மேசையில் போட்டுவிட்டால் இரண்டாம் முறைக்குப் பத்திரிகை இருக்காது.

உள்ளே போகக் கூடாதவை

பத்திரம், பாஸ்போர்ட், அசல் பாலிசி, சான்றிதழ் எதுவும் இந்தப் பெட்டிக்குள் வேண்டாம். தினமும் கை படுகிற, திறந்து கிடக்கும் இடம் இது. அவற்றுக்குப் பதிலாக ஒரு துண்டுச்சீட்டு போதும்: ‘வண்டி பாலிசி, புதுப்பிக்க, பீரோ மேல்தட்டு, நீல ஃபைல்’. எங்கே இருக்கிறது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ‘இன்சூரன்ஸ்’ என்று ஒரே வார்த்தையில் எழுதிய சீட்டு நான்கு மாதம் கழித்து வெளிவரும்போது யாருடைய இன்சூரன்ஸ், எந்த வண்டி என்று வீடே கூடி யோசிக்கும். ஒரு சீட்டில் ஒரு காரியம்தான். இரண்டு எழுதினால் ஒன்று முடிந்ததும் சீட்டு கிழிபடும், மற்றது அதோடு போகும்.

தேதியே இல்லாத காகிதமும் இங்கே வேண்டாம். கட்டி முடித்த ரசீது, பழைய ரிப்போர்ட், உத்தரவாத அட்டை எல்லாம் பொருள்வாரிக் கோப்புக்கு. ‘எப்போதாவது பார்க்கலாம்’ என்று நினைப்பதை ஏதோ ஒரு மாத உறையில் திணித்தால் மாதக் கடைசியில் குப்பை பகிரும் வேலைதான் நடக்கும்.

இன்னொன்று, ஏடிஎம், பெட்ரோல் பங்க், கார்டு மெஷின் ரசீதுகள். வெப்பத்தாளில் அச்சாவதால் சில மாதங்களில் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும். பிறகு தேவைப்படுமானால் அன்றே ஜெராக்ஸ் எடுத்து அதைப் போடுங்கள். குண்டூசி துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை ஏற்றும், கிளிப் போதும். பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்தால் மழைக்காலத்தில் கரையானும் ராமபாணப் பூச்சியும் உங்களுக்கு முன்னால் உறையைத் திறக்கும்.

எங்கே கெடுகிறது

ஊருக்குப் போய்த் திரும்பினால் முகப்பில் நாலு நாள் பழைய எண் நிற்கும். இதற்குப் பயந்து பெட்டியைப் பார்க்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு, முறை சாவது அப்படித்தான். தவறிய எல்லா உறைகளையும் ஒரேயடியாகக் காலிசெய்து, உறைகளைப் பின்னால் தள்ளி, எடுத்ததை எல்லாம் இன்றைய குவியலாக வைத்துக் கடைசித் தேதிப்படி அடுக்குங்கள். கால் மணி நேர வேலை. கிளம்புவதற்கு முன்பே போகப்போகும் நாட்களின் உறைகளைத் திறந்து பார்த்திருந்தால் அதுவும் மிச்சம்.

அடுத்தது தள்ளிப்போடுதல். உறை இருக்கிற வசதியில் கஷ்டமான காரியத்தை நாளை, மறுநாள் என்று நகர்த்திக்கொண்டே போகலாம், கோர்ட் வாய்தாவைப் போலவே. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் சீட்டின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். மூன்று கோடு விழுந்த சீட்டை இனி உறைக்குள் விடக் கூடாது: அன்றே செய்யுங்கள், இல்லையென்றால் வேறொருவரிடம் கொடுங்கள், அதுவும் இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள். கிழிக்க மனசு வந்துவிட்டால் அது உண்மையில் தேவையில்லாத காரியமாகத்தான் இருக்கும்.

வீட்டில் நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் உறையில் போட ஆரம்பித்தாலும் குழப்பம் வரும், குறிப்பாக அந்த ஜூன் 20, ஜூலை 20 விவகாரத்தில். பெட்டிக்கு முன்னால் ஒரு தட்டு வையுங்கள். மற்றவர்கள் வந்த காகிதத்தை அதில் போட்டால் போதும், தேதி குறித்து உறையில் சேர்ப்பது ஒருவர் வேலை. ஆனால் திறக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். பொறுப்பாளருக்குக் காய்ச்சல் வந்த வாரம் பெட்டிக்கும் காய்ச்சல் வரக் கூடாது.

மொபைலிலேயே நினைவூட்டல் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். மணி பார்த்துச் செய்ய வேண்டியதற்கு மொபைல்தான் சரி. மேலே சொன்ன காலை 8 மணி டிக்கெட்டுக்கு அலாரமும் வையுங்கள். ஆனால் அலாரம் அடிக்கும்போது நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள், காகிதம் வீட்டில் இருக்கும், விரல் தன்னிச்சையாக அதை அணைத்துவிடும். உறையில் நினைவூட்டலும் காகிதமும் ஒன்றாகவே கைக்கு வருகின்றன.

வாரத்துக்கு நான்கைந்து காகிதம்கூட வராத வீட்டுக்கு 43 உறை அதிகம்தான். 12 மாத உறையோடு ‘இந்த வாரம்’, ‘அடுத்த வாரம்’ என்று இரண்டு சேர்த்து 14 போதும், ஞாயிறு காலையில் ஒருமுறை புரட்டினால் ஆயிற்று. ஆர்மோனியம் மாதிரி விரியும் 12, 13 அறை ஃபைல் கடையில் தயாராகவே கிடைக்கிறது. கடை நடத்துகிறவர்கள், வீட்டில் முதியவர்கள் இருப்பவர்கள், வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்கள் முழு 43-க்கே போவது நல்லது.

ஆண்டுக்கு ஒருமுறை உட்கார வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. பெட்டி ஆங்கில மாதத்தில் ஓடுகிறது, வீட்டின் பாதிக் காரியங்கள் தமிழ் மாதத்திலும் திதியிலும் ஓடுகின்றன. தாத்தாவின் தெவசம் மாசி மாதத் தேய்பிறைச் சப்தமி என்றால் அது ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் விழும். அதை அட்டையில் எழுதி அதே உறையில் சுற்ற விட முடியாது. புதுக் காலண்டரோ பஞ்சாங்கமோ கைக்கு வந்த அன்று அந்த ஆண்டின் திதிகளைப் பார்த்து, ஐயருக்குச் சொல்ல வேண்டிய நாளைக் கணக்கிட்டு, ஒரு வாரம் முன்தள்ளிச் சீட்டுப் போடுங்கள். அன்றே பல ஆண்டு தள்ளியிருப்பவற்றையும் பாருங்கள்: 2031 மார்ச்சில் முடியும் பாஸ்போர்ட்டுக்கான சீட்டு ‘ஜூன்’ உறையில், மூலையில் ‘2030’ என்று எழுதியபடி இருக்கும். அதுவரை ஒவ்வொரு ஜூனிலும் அது தலைகாட்டும், ஆண்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிடலாம்.